கீடா ஜடி சிறுநீரகத்தைக் காப்பாற்றுமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. உத்தராகண்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய மாமா, இமயமலையில் விளையும் 'கீடா ஜடி' என்ற பூஞ்சை சிறுநீரகத்தை மீட்டுவிடும் என்கிறார். கிலோ 20 லட்சம் ரூபாயாம். தெரிந்தவர் மூலம் 10 கிராம் 20,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதே பூஞ்சையின் பெயரில் கேப்ஸ்யூல் பாட்டில் ஒன்று இணையத்தில் 1,500 ரூபாய்க்கு விற்கிறது. எதை வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் வாங்காதீர்கள். மாமா பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் பொருள் உண்மையில் இருக்கிறது, அந்த விலையும் உண்மைதான். ஆனால் அது நோயைத் தீர்க்கும் ஆற்றலுக்குக் கிடைத்த விலை அல்ல. விலையையும் ஆற்றலையும் ஒன்றென்று நம்பித்தான் பல குடும்பங்கள் பணத்தையும், அதைவிட முக்கியமாகச் சிகிச்சைக்கான காலத்தையும் இழக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கீடா ஜடி செடியும் அல்ல, வேரும் அல்ல. அது ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் என்ற பூஞ்சை. திபெத், நேபாளம், பூட்டான், சீனாவின் சிங்ஹாய், சிச்சுவான் மாகாணங்கள், நம் உத்தராகண்ட், சிக்கிம் என்று உயர் இமயமலையும் திபெத்தியப் பீடபூமியும்தான் அதன் தாயகம். ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், மரங்கள் நின்றுபோய்ப் புல் மட்டும் படர்ந்திருக்கும் சரிவுகளில் அது வளர்கிறது. நேபாளத்தில் அதற்கு யார்சாகும்பா என்று பெயர். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக விளைவதில்லை.

அந்தப் புல்வெளி மண்ணுக்கடியில் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் வேர்களைத் தின்று வாழ்கின்றன. குளிர் மிகுந்த இடம் என்பதால் அவை வளர்வதும் மெதுவாகத்தான். புழுவாகவே சில ஆண்டுகள் கழியும். கோடையின் பிற்பகுதியில் பூஞ்சையின் வித்துத்தூள் காற்றிலும் மழைநீரிலும் பரவி மண்ணுக்குள் இறங்குகிறது. புழுவின் தோலைத் துளைத்து உள்ளே புகும் பூஞ்சை, உடல்நீரில் பெருகி, உள்ளுறுப்புகளைத் தின்று, தோலை மட்டும் விட்டுவைக்கிறது. சாகும் தறுவாயில் புழு தரைமட்டத்துக்கு அருகே, தலை மேல்நோக்கியிருக்கும்படி வந்து நிற்கிறது. பூஞ்சைக்கு வேண்டியதும் அதுதான். பனிக்காலம் முழுவதும் அப்படியே உறைந்து கிடந்து, வசந்தத்தில் பனி உருகியதும் புழுவின் தலையிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் ஒரு தண்டு கிளம்புகிறது. நிலத்துக்கு மேலே தெரிவது சில சென்டிமீட்டர்தான்.

காய்ந்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். புழு அச்சு அசலாக அப்படியே இருக்கும்: மஞ்சள் கலந்த பழுப்புத் தோல், உடல் நெடுகக் குறுக்கு மடிப்புகள், எட்டு ஜோடிக் கால்கள். அவற்றில் நடுவிலுள்ள நான்கு ஜோடி மட்டும் தெளிவாகப் புடைத்து நிற்கும். வாங்குபவர்கள் முதலில் எண்ணுவது அந்தக் கால்களைத்தான். ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெண்மையாக இருக்கும். நடுவில் பழைய குடல் இருந்த இடம் கருங்கோடாகத் தெரியும். முகர்ந்தால் காளான் வாசனையோடு லேசான மீன் வாடையும் வரும். ஒன்றின் எடை அரை கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ சேர்க்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தேவை.

இனி அந்த விலைக்கு வருகிறேன். மே மாதம் பனி விலகியதும் பித்தோராகட், சமோலி மாவட்டங்களின் மேல்மலைக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் அரிசி, பருப்பு, தார்ப்பாய்களைச் சுமந்துகொண்டு புக்யால் என்று அவர்கள் அழைக்கும் புல்வெளிகளுக்கு ஏறுகின்றன. நேபாளத்தின் டோல்பா மாவட்டத்தில் அந்தப் பருவத்தில் பள்ளிகளே மூடிவிடும், ஏனென்றால் பிள்ளைகளும் மலையில்தான் இருப்பார்கள். புல்லோடு புல்லாக நிற்கும் அந்தக் கருந்தண்டைக் கண்டுபிடிக்க இளங்கண்கள் தேவைப்படுகின்றன. ஈரத்தரையில் முழங்காலிட்டு, பல வேளைகளில் வயிற்றால் ஊர்ந்து, ஓரடி ஓரடியாகத் தேட வேண்டும். கண்ணில் பட்டதும் தண்டைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது. சிறு கொத்தால் சுற்றிலும் தள்ளிக் குத்தி, மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, விரலால் உதிர்த்து, பிறகு பல்துலக்கும் தூரிகையால் மண்ணைத் தட்டி எடுக்கிறார்கள். தண்டு ஒடிந்தால் விலை சரிந்துவிடும். நாள் முழுக்கத் தேடி ஒன்றுகூடக் கிடைக்காமல் கூடாரத்துக்குத் திரும்புபவர்கள் ஏராளம். திடீர்ப் பனிப்பொழிவிலும் சரிவில் விழுந்தும் உயிரிழப்பவர்களும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டும் அவர்கள் ஏன் போகிறார்கள்? வேறு வருமானம் இல்லாத ஊர்கள் அவை. அந்த உயரத்தில் ஒருபோகம் விளைவதே பெரிய காரியம். அந்த ஆறேழு வாரங்களில் கிடைக்கும் பணம்தான் ஆண்டு முழுவதற்குமான மளிகை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணச் செலவு எல்லாவற்றுக்கும். திபெத்தின் கிராமப்புறங்களில் கைக்கு வரும் ரொக்க வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தப் பூஞ்சையிலிருந்து வந்ததாக டேனியல் விங்க்லர் என்ற ஆய்வாளர் கணித்திருக்கிறார். இதைத் தோண்டி எடுப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பேராசை அந்தச் சங்கிலியின் வேறு கண்ணியில் இருக்கிறது.

பணம் வந்த இடத்தில் ரத்தமும் சிந்தியது. 2009 ஜூனில் நேபாளத்தின் மனாங் மாவட்டத்து நார் என்ற கிராமத்தில், தங்கள் புல்வெளியில் பூஞ்சை எடுக்க வந்த கோர்க்கா மாவட்டத்து ஆட்கள் ஏழு பேரைக் கிராமத்தினர் கொன்றார்கள். 2011-இல் அந்த ஊரைச் சேர்ந்த 19 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிற்றூரின் ஆண்களில் பெரும்பகுதியினர் வழக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

விலை இப்படி ஏறியதற்குக் காரணம் சீனா. திபெத்திய, சீன மருத்துவ மரபில் இந்தப் பூஞ்சைக்குப் பல நூற்றாண்டுகளாக இடமுண்டு. நுரையீரல், சிறுநீரகம், உடல்வலிமை ஆகியவற்றுக்காகக் கொடுத்துவந்தார்கள். ஆனால் அதை உலகப் புகழ்பெற வைத்தது ஓர் ஓட்டப்பந்தயம். 1993 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் வாங் ஜுன்சியா என்ற வீராங்கனை 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடி, அதற்கு முந்தைய உலக சாதனையை 40 விநாடிக்கும் அதிகமான வித்தியாசத்தில் முறியடித்தார். அவருடைய அணியினர் வேறு பல சாதனைகளையும் அதே வாரத்தில் தகர்த்தார்கள். கடும் பயிற்சியோடு ஆமை ரத்தமும் இந்தப் பூஞ்சையும்தான் காரணம் என்றார் பயிற்சியாளர் மா ஜுன்ரென். விற்பவர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கதையைத்தான். அவர்கள் சொல்லாமல் விடும் மீதியையும் கேளுங்கள்: 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன் நடந்த ரத்தப் பரிசோதனைகளை அடுத்து அந்தப் பயிற்சியாளரின் வீராங்கனைகள் பலர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தங்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கப்பட்டதாக வாங் ஜுன்சியாவும் சக வீராங்கனைகளும் 1995-இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016-இல் சீன ஊடகங்களில் வெளியானது.

கதை எப்படிப் போனாலும் சந்தை நிற்கவில்லை. சீனாவில் பணம் பெருகியபோது இந்தப் பூஞ்சை மருந்துக் கடையிலிருந்து அன்பளிப்புப் பெட்டிக்கு இடம்பெயர்ந்தது. அதிகாரிகளுக்கும் வணிகக் கூட்டாளிகளுக்கும் பட்டுத்துணி விரித்த பெட்டியில் வரிசையாக அடுக்கிக் கொடுப்பது மதிப்புக்குரிய வழக்கமானது. 1998-க்கும் 2008-க்கும் இடையில் திபெத்தியப் பகுதிகளில் அதன் விலை ஏறக்குறைய பத்து மடங்கானது. அந்தப் பத்தாண்டுகளில் அதன் மருத்துவக் குணம் பத்து மடங்காகவில்லை. கொடுப்பவரின் செல்வாக்கைக் காட்டும் பொருளாக அது மாறியிருந்தது. உங்கள் மாமா சொல்லும் 20 லட்சத்துக்குள் அடங்கியிருப்பது இதுதான்: கிடைப்பதற்கு அரிது என்பதும், வேறொரு நாட்டின் அன்பளிப்புப் பழக்கமும்.

இப்போது உங்கள் அப்பாவின் சிறுநீரகத்துக்கு வருவோம். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றைத் திரட்டி மதிப்பிட்ட, கோக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2014-இல் வெளிவந்தது. 22 ஆய்வுகள், 1,746 நோயாளிகள். வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது கிரியாட்டினினும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதும் குறையலாம் என்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் ஆய்வுகள் நடத்தப்பட்ட விதம் தரமாக இல்லாததால் உறுதியான முடிவு எதற்கும் வர முடியாது என்று அந்தத் தொகுப்பே சொல்லிவிட்டது. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லாத இன்னொன்று, அந்த ஆய்வுகளில் பலவற்றில் நோயாளிகளுக்குத் தரப்பட்டது மலையில் தோண்டிய பூஞ்சையே அல்ல. தொட்டிகளில் நொதிக்கவைத்து வளர்த்த பூஞ்சை இழைகளிலிருந்து செய்த மாத்திரைகள். உடல்வலிமை பற்றிய ஆய்வுகளும் இப்படித்தான். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு அந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

பயன் உறுதியில்லை என்றாலும் கெடுதல் இல்லையே என்று நினைக்காதீர்கள். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தில்தான். 2016 பிப்ரவரியில் சீனாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோதித்த பூஞ்சைகளிலும் அவற்றின் தூளிலும் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தது. ஊட்டப் பொருள்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 1 மில்லிகிராம். நீண்டகாலம் உட்கொண்டால் உடலில் சேரும் ஆபத்து உண்டு என்றது அந்த அறிவிப்பு. ஆர்சனிக் எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நச்சுத்தன்மை மாறும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் உடலுக்குள் போகும் ஆர்சனிக் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர் அந்தச் சோதனைக்கு உடம்பைக் கொடுக்கக் கூடாது.

கலப்படம் தனிக்கதை. ஒடிந்த துண்டுகளை உள்ளே குச்சி செருகி ஒட்டுகிறார்கள். எடை கூட்ட உலோகக் கம்பியையும் ஈயத்தையும் புழுவின் உடலுக்குள் நுழைக்கிறார்கள். மாவைப் புழு வடிவ அச்சில் வார்த்துச் சாயமேற்றியும் விற்கிறார்கள். இந்தப் பூஞ்சைத் தூளைச் சாப்பிட்டு ஈய நச்சுக்கு ஆளான இருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை 1996-இலேயே வந்திருக்கிறது. ஈயமும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். சீன மருத்துவத்தில் வழக்கமான அளவு நாளொன்றுக்கு 3 முதல் 9 கிராம். குறைந்த அளவே எடுத்துக்கொண்டாலும் மாமா தரும் 10 கிராம் மூன்று நாளில் தீர்ந்துவிடும். நான்காம் நாள் என்ன செய்வீர்கள்?

இனி 1,500 ரூபாய் கேப்ஸ்யூல். விலையே சொல்லிவிடுகிறது, அதற்குள் இருப்பது இமயமலைப் பூஞ்சை அல்ல. பாட்டிலில் கார்டிசெப்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பெரும்பாலும் 'மிலிட்டாரிஸ்' என்று போட்டிருப்பார்கள். இது வேறு இனம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கண்ணாடிப் புட்டிகளில் அரிசியின்மேல் வளர்க்கலாம். தமிழ்நாட்டிலும் இதற்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, சிறு ஆய்வுக்கூடம் வைத்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாகப் பெயர் சொல்லி விற்றால் அந்தத் தொழிலில் குற்றமில்லை. இமயமலைப் பூஞ்சையும் முன்பு கார்டிசெப்ஸ் என்ற பேரினத்தில்தான் இருந்தது. 2007-இல் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். பழைய பெயர் கடைகளில் தங்கிவிட்டதால் ஒன்றின் புகழைக் காட்டி மற்றொன்றை விற்க முடிகிறது.

வேடிக்கை என்னவென்றால், விளம்பரங்களில் மூச்சுக்கு மூச்சு வரும் கார்டிசெபின் என்ற வேதிப்பொருளை உண்டாக்குவது மிலிட்டாரிஸ்தான். 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, அதை உண்டாக்கும் மரபணுத் தொகுதி இமயமலைப் பூஞ்சையில் இல்லை என்று காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மிலிட்டாரிஸ், கார்டிசெபினோடு பென்டோஸ்டாடின் என்ற பொருளையும் உண்டாக்குகிறது. பென்டோஸ்டாடின் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வீரியமான மருந்து. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் மிகவும் யோசிப்பார்கள். ஒரு கேப்ஸ்யூலில் அது எவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பாட்டிலிலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. மிகக் குறைவாகவே இருக்கலாம். அளந்து சொல்லாத ஒன்றை நோயாளிக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் என் கவலை.

பூஞ்சைகளை நான் குறைத்துப் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். புழுக்களையும் வண்டுகளையும் பிடித்து வளரும் இந்தப் பூஞ்சைக் கூட்டத்திலிருந்துதான் சிறுநீரக மருத்துவத்தையே மாற்றிய மருந்து ஒன்று வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சாண்டோஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970-களில் சைக்ளோஸ்போரினைப் பிரித்தெடுத்தார்கள். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து அது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் பூஞ்சை வண்டுப் புழுவைத் தாக்கி வளரும் ஒரு கார்டிசெப்ஸின் இன்னொரு வடிவம்தான் என்பது 1996-இல் தெரியவந்தது. எத்தனையோ பேரை டயாலிசிஸிலிருந்து மீட்ட அந்த மருந்தே அளவு கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துப் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். இமயமலைப் பூஞ்சையும் ஒருநாள் அப்படி ஒரு மருந்தைத் தரலாம். அதற்குள் அது மலையில் எஞ்சியிருக்க வேண்டும்.

எஞ்சுமா என்பதும் கேள்விக்குறியாகிவிட்டது. டோல்பாவில் ஆய்வு செய்த உத்தம் பாபு ஷ்ரேஸ்தா, கமல் பாவா ஆகியோர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2006-இல் ஒருவர் ஒரு பருவத்தில் சராசரியாக 260 பூஞ்சைகள் எடுத்தார். 2010-இல் அது ஏறக்குறைய 125 ஆகக் குறைந்துவிட்டது. 2018-இல் கெல்லி ஹாப்பிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அளவுக்குமீறி எடுப்பதோடு, குளிர்காலம் வெதுவெதுப்பாகி வருவதும் விளைச்சலைக் குறைக்கிறது என்றது. 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. வித்துத்தூள் பரப்புவதற்கு முன்பே பிடுங்கப்பட்டதற்குத்தான் சந்தையில் அதிக விலை. வித்து முற்றினால் புழுவின் உடல் சுருங்கித் தொய்ந்துவிடும், வாங்க ஆள் இருக்காது. ஆக, நல்ல விலை கிடைக்கும் ஒவ்வொன்றும் அடுத்த தலைமுறைக்கு எதையும் விடாமல் போகிறது. சில ஊர்களில் கிராமத்தினரே கூடி, இந்த நாளுக்கு முன் மலையேறக் கூடாது, இந்த நாளோடு இறங்கிவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அந்த ஏற்பாடு ஒன்றுதான். சீனாவில் கட்டடத்துக்குள் புழுவையும் சேர்த்தே வளர்த்து உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டார்கள். அது பெருகினால் மலைக்கு ஓய்வு கிடைக்கும், மலைக்காரர்களின் வருமானம் சரியும். அதற்கு எளிய விடை எதுவும் என்னிடம் இல்லை.

உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே ஏதாவது தூளோ கேப்ஸ்யூலோ சாப்பிடத் தொடங்கியிருந்தால், அந்தப் பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். மறைக்காதீர்கள், சர்க்கரை மாத்திரைகளோடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் இவை எப்படி நடந்துகொள்ளும் என்பது முறையாகச் சோதிக்கப்படவில்லை. மருத்துவர் எழுதித் தந்த எதையும் இதற்காக நிறுத்தாதீர்கள். பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை அப்பாவுக்குப் பொருந்துமா? சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பு வேகமாக முற்றுவதை அவை தாமதப்படுத்துகின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாபாகிளிஃப்லோசினைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வில் மட்டும் 4,300-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவராது. சிறுநீரகத்தின் இப்போதைய நிலையைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். காப்புரிமை முடிந்த பிறகு டாபாகிளிஃப்லோசினை இந்திய நிறுவனங்கள் பலவும் தயாரிக்கின்றன. ஓராண்டுக்கு வாங்கினாலும் மாமா கேட்கும் அந்த 20,000 ரூபாய் தீராது.